பதக்கமும் மாத்திரையும்

1976ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் பெண்களுக்கென 13 நீச்சற் போட்டிகள் இருந்தன. அவற்றுள் 11 போட்டிகளில் தங்கப் பதக்கம் பெற்றது, கிழக்கு ஜெர்மனி என்று வழங்கிய ஜெர்மானிய ஜனநாயகக் குடியரசு. எஞ்சிய இரண்டையும் சோவியத் நாடும் அமெரிக்காவும் ஆளுக்கொன்றாகப் பெற்றன. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1972இல், மியூனிக் நகர ஒலிம்பிக்கில் இதே கிழக்கு ஜெர்மானியப் பெண்கள் நீச்சலில் ஒரு தங்கப் பதக்கமேனும் பெற்றாரில்லை. ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை உடைய சிறு நாடு அது. உலகத்தார் வியந்தனர், சிலர் ஐயுற்றனர்.

அவ்வெற்றியின் பின்னணி இன்று நமக்கு ஆவணங்களோடு தெரியும். பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமியருக்கு நீலநிற மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. தசையை வளர்க்கும் ஆண்மை இயக்குநீரைப் போன்று செய்யப்பட்ட செயற்கை மருந்து அது. விளையாட்டில் ஊக்கமருந்து என்றவுடனே நாம் மருந்தை உட்கொண்டவரைப் பற்றியே பேசுகிறோம். அவர் ஏமாற்றினார் என்கிறோம். பதக்கத்தைப் பறிக்க வேண்டும் என்கிறோம். இப்பேச்சில் நான் வேறொரு வினாவை எழுப்ப விரும்புகிறேன். அம்மருந்தினால் யார் யாருக்கு என்ன ஆதாயம்? வரலாறு படிக்கும் மாணவன் எந்தச் செயலை ஆராயினும் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே என்று வகுப்பறையில் ஓயாமல் சொல்லிவந்தவன் நான். கிழக்கு ஜெர்மனியின் வரலாற்றில் இவ்வினாவைக் கேட்டுப் பார்த்தால், ஆதாயம் பெற்றவர்களின் வரிசை மிக நீளமாக இருக்கிறது. மாத்திரையை விழுங்கிய சிறுமி அவ்வரிசையில் கடைசியில்தான் நிற்கிறாள்.

முதலில் அரசாங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அரசாங்கத்துக்கு நீச்சற் பதக்கம் எதற்கு?

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி 1949இல் இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. மேற்கு ஜெர்மனி, தானே ஜெர்மானிய மக்கள் அனைவர்க்கும் உரிய அரசு என்று கூறிற்று. கிழக்கு ஜெர்மனியை ஒரு நாடாக ஏற்றுக்கொள்ளும் அரசுகளோடு தூதுறவைத் துண்டித்துக்கொள்வோம் என்பது 1955 முதல் அதன் கொள்கையாயிற்று. ஹால்ஸ்டைன் என்ற அதிகாரியின் பெயரால் இது வழங்கும். இதன் விளைவாகப் பொதுவுடைமை நாடுகள் நீங்கலாக ஏனைய நாடுகளில் பெரும்பாலானவை கிழக்கு ஜெர்மனியை ஒரு நாடு என்றே கருதவில்லை. அதன் கொடியைப் பொதுவிடங்களில் ஏற்றினால் மேற்கு ஜெர்மனியில் காவல்துறையினர் வந்து இறக்கிவிட்ட காலமும் உண்டு. ஒலிம்பிக் விழாவிலோ 1956, 1960, 1964 ஆகிய மூன்று முறையும் இரண்டு ஜெர்மனிகளும் ஒரே அணியாகவே வரவேண்டியிருந்தது. 1968இல் மெக்சிகோவில் தனி அணி கிடைத்தது. ஆயினும் கொடியும் பண்ணும் பொதுவாகவே இருந்தன. சொந்தக் கொடியோடும் சொந்த நாட்டுப்பண்ணோடும் அது முதன்முதலாகக் கோடைக்கால ஒலிம்பிக்குக்குச் சென்றது 1972இல். அவ்வாண்டு விழா நடந்த மியூனிக் எங்கே இருக்கிறது? மேற்கு ஜெர்மனியில்.

இதை நன்றாக எண்ணிப் பாருங்கள். எந்த நாடு தன்னை ஒரு நாடென்றே ஒப்பவில்லையோ, அந்த நாட்டின் மண்ணில், அந்த நாட்டு மக்கள் எழுந்து நிற்க, தன் கொடி ஏறுகிறது. தன் பண் ஒலிக்கிறது. இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு தங்கப் பதக்கம். தூதர்கள் ஆண்டுக்கணக்கில் பேசியும் பெற முடியாத மதிப்பை நூறு மீட்டர் நீந்தும் ஒரு பெண் ஒரு நிமிடத்துக்குள் பெற்றுத் தந்துவிடுகிறாள். அவ்வாண்டு கிழக்கு ஜெர்மனி 20 தங்கப் பதக்கங்கள் பெற்றது. விழாவை நடத்திய மேற்கு ஜெர்மனிக்குக் கிடைத்தவை 13. அடுத்த ஆண்டு, 1973இல், இரண்டு நாடுகளும் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராயின. பதக்கங்களால்தான் அது நிகழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெரிய அரசியற் காரணங்கள் இருந்தன. ஆனால் கிழக்கு பெர்லினில் இருந்த தலைவர்கள் விளையாட்டுக்குச் செலவிட்ட பணம் வீண்போகவில்லை என்று உறுதியாக நம்பினார்கள்.

நம்பிக்கை வந்தபின் கணக்கு வந்தது. 1969இல் அந்நாட்டு ஆளுங்கட்சி ஒரு முடிவு செய்தது. விளையாட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்து, ஒரு வகைக்கு மிகுந்த பணமும், மற்றதற்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றும் வகுத்தது. எந்த அளவுகோலைக் கொண்டு பிரித்தனர் தெரியுமா? மக்கள் எதை விரும்பி ஆடுகிறார்கள் என்பதைக் கொண்டு அன்று. கூடைப்பந்துக்கு ஒரு டஜன் பேரைப் பழக்கி அனுப்ப வேண்டும். அத்தனை பேரும் வென்றாலும் பதக்கப் பட்டியலில் சேர்வது ஒன்றே. ஹாக்கியும், நீரில் ஆடும் வாட்டர் போலோவும் அத்தகையனவே. ஆனால் நன்றாக நீந்தும் ஒரே பெண் நான்கு பதக்கங்கள் கொண்டுவரக்கூடும். ஆகவே கூடைப்பந்தும் ஹாக்கியும் வாட்டர் போலோவும் கைவிடப்பட்டன. நீச்சலும், ஓட்டமும் எறிதலும், படகு வலித்தலும் அரவணைக்கப்பட்டன. மெக்சிகோ விழாவுக்கு வாட்டர் போலோ அணியையும் ஹாக்கி அணியையும் அனுப்பிய நாடு அதன்பின் அவற்றை அனுப்பவே இல்லை. மருந்தைப் பற்றிப் பேசப் புகுந்த நான் இந்தக் கணக்கைப் பற்றி இவ்வளவு சொல்வானேன் என்று நீங்கள் நினைக்கலாம். விளையாட்டைப் பட்டியலின் எண்ணாக எண்ணத் தொடங்கிய நாளிலேயே பாதி வழி கடந்தாயிற்று என்பது என் துணிபு. ஆடுகின்ற ஆளையும் எண்ணாகவே காண்பதற்கு மறுபாதி வழிதான் எஞ்சியிருந்தது.

பிறகு பள்ளிகள் வந்தன. 1973 முதல் நாடெங்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஒரே முறையில் அளந்து பார்க்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உயரம், எடை, ஓடும் வேகம், தாண்டும் தூரம் யாவும் குறிக்கப்பட்டன. எந்தப் பிள்ளை எந்த விளையாட்டுக்குப் பொருந்தும் என்று அந்த அளவுகளைக் கொண்டு முடிவு செய்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டோர் சிறப்பு விளையாட்டுப் பள்ளிகளுக்குச் சென்றனர். அத்தகைய பள்ளிகள் 25 அளவில் இருந்தன. அங்கே விடுதி, உணவு, மருத்துவர், பயிற்சியாளர் எல்லாம் அரசின் செலவு. பாடவேளைகளைப் பயிற்சிக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள். பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இந்த அமைப்பைப் படித்தபோது இதன் ஒழுங்கைக் கண்டு நான் வியந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். ஏழைப் பிள்ளை, பணக்காரப் பிள்ளை என்ற வேறுபாடின்றித் திறமையைத் தேடிச் செல்லும் அமைப்பு எங்கும் எளிதில் காணக்கூடியதன்று. வெற்றிகள் எல்லாம் மருந்தாலே வந்தவை என்று சொல்வோர் இந்த உழைப்பை மறந்துவிடுகிறார்கள். ஆனால் இதே அமைப்பு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பெற்றோரின் கண்ணிலிருந்து விலக்கிப் பயிற்சியாளரின் கையில் ஒப்படைத்தது என்பதையும் மறத்தல் ஆகாது. பின்னர் நடந்தவற்றுக்கு அதுவே வாயிலாயிற்று.

இனி மருந்தின் கதை. ஓரல்-டூரினபோல் என்பது அதன் பெயர். யேனா நகரில் இருந்த அரசாங்க மருந்துத் தொழிற்சாலையான யேனாபார்மில் 1960களில் செய்யப்பட்டது. நோயால் மெலிந்தவர்களுக்காக வந்த மருந்து அது. 1968இல் குண்டு எறிதலில் மார்கிட்டா கும்மல் என்ற வீராங்கனைக்கு அது கொடுக்கப்பட்டதைப் பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன. அவ்வாண்டு மெக்சிகோவில் அவர் 19.61 மீட்டர் எறிந்து உலகச் சாதனையோடு தங்கப் பதக்கம் பெற்றார். அதைக் கண்ட மருத்துவர்களும் அதிகாரிகளும் ஒரு பாடம் கற்றனர். ஆணின் உடலில் இயல்பாகவே மிகுதியாக இருக்கும் இயக்குநீரைச் சற்றுக் கூட்டினால் பலன் ஓரளவே; பெண்ணின் உடலில் அது மிகக் குறைவு ஆதலால், சிறிது கொடுத்தாலும் பலன் பெரிது. அக்காலத்தில் மேற்கு நாடுகள் பலவற்றில் பெண்கள் விளையாட்டுக்குப் பணமோ மதிப்போ அதிகமில்லை. ஆகவே போட்டியும் அங்கேதான் எளிது. பதக்கக் கணக்கு போட்டவர்களின் விரல் பெண்களையும் சிறுமியரையும் நோக்கி நீண்டது இதனால்தான். கொடுமை செய்யவேண்டும் என்று எவரும் திட்டமிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கே குறைந்த செலவில் நிறைந்த பலனோ அங்கே போ என்று கணக்கு சொல்லிற்று, போனார்கள்.

1974இல் இது அரசாங்கத் திட்டமாகவே ஆயிற்று. திட்டப் பொருள் 14.25 என்பது அதற்கு இடப்பட்ட எண். அந்த எண்ணைப் பார்த்தால் எஃகு உற்பத்தி பற்றிய திட்டமோ, உருளைக்கிழங்கு சாகுபடி பற்றிய திட்டமோ என்றுதான் எவரும் நினைப்பர். கோப்புகளில் ஊக்கமருந்து என்ற சொல்லே வராது; ‘துணைப் பொருள்கள்’ என்றே எழுதினர். ஒரு செயலைச் செய்கிறவர்கள் அதன் பெயரைச் சொல்ல அஞ்சுகிறார்கள் என்றால், வரலாற்று மாணவன் அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

அத்திட்டத்தில் மருத்துவப் பொறுப்பு வகித்தவர்களுள் முதன்மையானவர் மன்பிரெட் ஹோப்னர். அவர் 1977இல் அரசின் உளவுத்துறையிடம் கொடுத்த அறிக்கை பின்னாளில் கிடைத்தது. பாய்மரப் படகோட்டமும் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸும் நீங்கலாக எல்லா ஒலிம்பிக் விளையாட்டுகளிலும் மருந்து வழங்கப்படுகிறது என்று அதில் அவர் தெரிவித்தார். நான்கு ஆண்டுகளில் எந்த விளையாட்டில் எவ்வளவு முன்னேற்றம் என்ற பட்டியலும் அதில் உண்டு. பெண்கள் குண்டு எறிதலில் நாலரை முதல் ஐந்து மீட்டர் வரை என்பது அவர் கணக்கு. அதே அறிக்கையில் பெண்களுக்கு நேர்ந்த தீங்குகளும் குறிக்கப்பட்டுள்ளன. ஆம், அவர்களுக்குத் தெரியும். குரல் தடித்தல், முகத்தில் மயிர் வளர்தல், மாதவிலக்குக் கோளாறு, கல்லீரல் கேடு ஆகிய எல்லாம் மருத்துவர்கள் அறிந்தனவே. அறிந்த பின்னும் அவர்கள் நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை? இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்போம்.

விளையாட்டுச் சங்கத் தலைவர் மன்பிரெட் எவால்டுக்குப் பதக்க எண்ணிக்கையே பதவியின் பிடிமானம். ஒவ்வோர் ஒலிம்பிக்குக்கும் முன்னதாக இத்தனை பதக்கம் என்று இலக்கு குறித்து அவர் கட்சித் தலைமைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். 1961 முதல் 1988 வரை அவர் அந்நாற்காலியில் இருந்தார். ஆராய்ச்சியாளருக்கோ, இத்துறையில் எழுதிய ஆய்வேடு முனைவர் பட்டம் தேடித் தந்தது. அவ்வேடுகள் இரகசியமாகப் பூட்டிவைக்கப்பட்டன. பட்டம் மட்டும் வெளியே வந்தது. மருத்துவருக்குப் பதவி உயர்வும் வெளிநாட்டுப் பயணமும் காத்திருந்தன. பயிற்சியாளரின் ஊதியத்துக்கு மேல் கிடைக்கும் பரிசுத் தொகை, தம் பிள்ளைகள் பெறும் இடத்தைப் பொறுத்தது. பிள்ளைகள் தோற்றால் அவரை வேறிடத்துக்கு மாற்றிவிடக்கூடும். கழகங்களுக்குள்ளும் போட்டி இருந்தது. பக்கத்து ஊர்க் கழகத்தார் மேலிடம் விதித்த அளவுக்கு மேலும் கொடுக்கிறார்கள் என்று ஐயம் எழுந்தால், நாமும் சிறிது கூட்டினால் என்ன என்ற எண்ணம் வரும். அப்படிக் கூட்டியவர்களைப் பற்றி மேலிடத்தார் கவலையோடு எழுதிய குறிப்புகளும் உண்டு.

இவ்விடத்தில் என் தொழிலைச் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்ல நீங்கள் இடந்தர வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு ஒன்றைக் கொண்டே பள்ளியை மதிப்பிடும் வழக்கம் எங்கே வலுப்பெறுகிறதோ, அங்கே தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிடும் ஆசையும் வலுப்பெறுகிறது. பையனுக்கு அது நன்மையா என்று அப்போது எவரும் கேட்பதில்லை. தீயவர்கள் என்று சொல்லத்தகாத ஆசிரியர்களே இதைச் செய்யக் கண்டிருக்கிறேன். ஆகவே அந்நாட்டுப் பயிற்சியாளர்கள் எல்லாரும் அரக்கர்கள் என்று நான் சொல்லத் துணியேன். அவர்களைச் சூழ்ந்திருந்த ஊதியமும் அச்சமும் அவர்களை ஒரே திசையில் தள்ளின.

கடைசியில் விளையாடும் பிள்ளை. அவளுக்கும் ஆதாயம் இல்லாமல் இல்லை. 1961இல் எழுந்த பெர்லின் சுவருக்கு இப்பால் வாழ்ந்த மக்களுக்கு மேற்கு நாடுகளைக் காணும் வாய்ப்பு அரிது. விளையாட்டு வீரருக்கு அது கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய மோட்டார் வண்டி விரைவில் கிடைக்கும். நல்ல வீடும், பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைக்கும். வயதுவந்த வீரர் சிலர் மருந்து இன்னதென்று அறிந்தே உண்டனர் என்பதும் உண்மை. ஆனால் பதினான்கு வயதில் தொடங்கிய சிறுமியருக்குச் சொல்லப்பட்டது ‘வைட்டமின்’ என்பதே. பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. பயிற்சியாளரின் கண்முன்னே விழுங்க வேண்டும். யாரிடமும் பேசலாகாது. மறுத்தால் பள்ளியும் விடுதியும் எதிர்காலமும் ஒருசேரப் போய்விடும். இத்தகைய நிலையில் அவள் ‘தேர்ந்தெடுத்தாள்’ என்று சொல்வது சொல்லுக்கே இழுக்காகும்.

சோதனைகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. இவ்வகை மருந்துக்கான சோதனை ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்ததே 1976இல், அந்த மான்ட்ரியல் விழாவில்தான். மாத்திரையைப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் நிறுத்திவிட்டால் சோதனையில் அகப்படாது என்பதைக் கிழக்கு ஜெர்மானியர் கணக்கிட்டு வைத்திருந்தனர். அடுத்த ஆண்டு, 1977இல், ஹெல்சிங்கியில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் குண்டு எறியும் இலோனா ஸ்லூபியானெக் அகப்பட்டு ஓராண்டுத் தடை பெற்றார். அதற்கு அந்நாடு கண்ட மருந்து என்ன? டிரெஸ்டன் நகருக்கு அருகே கிரைஷா என்னும் ஊரில், அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் ஒப்புதல் பெற்ற சோதனைக்கூடம் ஒன்று இருந்தது. வெளிநாடு செல்லும் ஒவ்வொருவரும் புறப்படுமுன் அங்கே சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று விதித்தனர். மருந்தின் சுவடு தென்பட்டால் அவருக்குத் திடீரென்று ‘காயம்’ ஏற்பட்டுவிடும், பயணம் நின்றுவிடும். திருடனைப் பிடிக்க வைத்த விளக்கு, திருடனுக்கே வழிகாட்டிய கதை இது. அதன்பின் கிழக்கு ஜெர்மானியர் எவரும் பெரிய போட்டிகளில் எளிதில் அகப்படவில்லை. 1988இல் சோல் நகரில் 37 தங்கப் பதக்கங்களோடு அமெரிக்காவை ஒரு பதக்கத்தால் பின்தள்ளி இரண்டாம் இடம் பெற்றனர்.

மான்ட்ரியலுக்கு ஒருமுறை மீண்டும் செல்வோம். அங்கே அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஷர்லி பாபஷாஃப் நான்கு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். நான்கிலும் அவருக்கு முன்னே வந்தவர் கிழக்கு ஜெர்மானியரே. அவர் ஒருவர்தான் வாய்திறந்து இதில் ஏதோ சூது இருக்கிறது என்றார். விளைவு என்ன? அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே அவரைத் தோல்வியைத் தாங்காத சிடுமூஞ்சி என்று எள்ளி நகையாடின. கடைசி நாளன்று நான்கு பேர் நீந்தும் தொடர் நீச்சலில் அவரும் தோழியரும் உலகச் சாதனையோடு தங்கம் வென்றதுதான் அவருக்குக் கிடைத்த ஆறுதல். விழா நடத்துவோருக்கும் பத்திரிகைக்கும் பார்வையாளருக்கும் சாதனை வேண்டும். கேள்வி கேட்கிறவர் எவருக்கும் வேண்டியவர் அல்லர். ஆதாய வரிசை எல்லைக் கோட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கே இதைச் சொன்னேன்.

இது பொதுவுடைமை நாட்டின் நோய் என்று எவரேனும் சொன்னால் ஒப்பாதீர்கள். சோல் நகரிலேயே கனடாவின் பென் ஜான்சன் நூறு மீட்டரை 9.79 வினாடியில் ஓடி, மருந்து வெளிப்பட்டுப் பதக்கத்தை இழந்தார். அவருக்கு மாத்திரை கொடுத்தது அரசாங்கம் அன்று. பணமும் புகழும் பயிற்சியாளருமே. அதை விசாரித்த கனடா நீதிபதி டபின், அரசு விளையாட்டுக்குக் கொடுக்கும் பணத்தின் பயனைப் பதக்க எண்ணிக்கையால் அளக்கலாகாது என்று பரிந்துரைத்தார். நோயின் வேரைத் தொட்டவர் அவர் என்று மதிக்கிறேன். பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் மிதிவண்டிப் போட்டியில் 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்ற அமெரிக்கர் ஆம்ஸ்ட்ராங் 2012இல் ஏழு பட்டங்களையும் இழந்தார். அங்கே வீரர்களுக்குள் நிலவிய எண்ணம் எளிது. கூத்துப் பார்க்கும் கூட்டத்தில் முன்வரிசைக்காரன் ஒருவன் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவனும் எழ வேண்டும்; கடைசியில் எல்லாரும் நிற்கிறார்கள், ஒருவனுக்கும் முன்னைவிட நன்றாகத் தெரிவதில்லை. 2014இல் இரஷ்யாவின் சோச்சி நகரில் ஆய்வுக்கூடச் சுவரில் துளையிட்டு இரவில் சிறுநீர்க் குப்பிகளை மாற்றிய செய்தி 2016இல் வெளிவந்தபோது, எனக்கு கிரைஷாவின் நினைவே வந்தது.

கிழக்கு ஜெர்மனி 1990 அக்டோபர் 3ஆம் நாள் மறைந்து மேற்கோடு இணைந்தது. இரகசியக் கோப்புகளில் பல அழிக்கப்பட்டன. ஆயினும் பாட் சாரோ என்னும் ஊரில் இருந்த இராணுவ மருத்துவக் கழகத்தில் ஆய்வேடுகள் பல எஞ்சியிருந்தன. அவற்றைக் கண்டெடுத்து வெளியிட்டவர்கள் கணவனும் மனைவியுமாகிய இருவர்: ஒருவர் உயிரியல் ஆராய்ச்சியாளர் வெர்னர் பிராங்கே, மற்றவர் பிரிகிட்டே பெரெண்டோங்க். அம்மையார் இளமையிலேயே கிழக்கிலிருந்து மேற்குக்கு வந்து, அதன் சார்பில் 1968, 1972 ஒலிம்பிக்குகளில் எறிதற் போட்டிகளில் கலந்துகொண்டவர், தொழிலால் ஆசிரியை. 1991இல் அவர் வெளியிட்ட நூலில் யாருக்கு எந்த ஆண்டில் எத்தனை மில்லிகிராம் என்ற அட்டவணைகள் இருந்தன. பத்தாயிரம் பேர் அளவில் இத்திட்டத்துக்கு உட்பட்டிருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு.

அட்டவணையில் இருந்த பெயர்களுள் ஒன்று ஹைடி கிரீகர். 1986இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஐரோப்பியக் குண்டு எறிதற் போட்டியில் 21.10 மீட்டர் எறிந்து முதற் பரிசு பெற்றவர். அந்த ஒரே ஆண்டில் அவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து ஏறக்குறைய 2,600 மில்லிகிராம். மாத்திரை தொடங்கியது பதினாறாம் வயதில். உடல் முழுவதும் மாறிப்போன அவர் 1997இல் அறுவை மருத்துவம் செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் என்ற பெயரோடு ஆணாக வாழ்கிறார். தாம் யார் என்பதைத் தாமே கண்டறியும் உரிமையை மருந்து தம்மிடமிருந்து பறித்துவிட்டது என்பதே அவருடைய குறை. 2000ஆம் ஆண்டு பெர்லினில் எவால்டும் ஹோப்னரும் குற்றவாளிக் கூண்டில் நின்றபோது சாட்சி சொன்னவர்களுள் அவரும் ஒருவர். 20 பெண்களின் உடலுக்குக் கேடு விளைவிக்கத் துணைபோனதாக இருவர்மீதும் குற்றம் உறுதியாயிற்று. எவால்டுக்கு 22 மாதமும் ஹோப்னருக்கு 18 மாதமும் தண்டனை. இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைகள். இருவரும் வீட்டுக்குச் சென்றனர். 2002இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பாதிக்கப்பட்டோர் 194 பேருக்குத் தலைக்குப் பத்தாயிரம் யூரோவுக்குச் சற்று மேற்பட்ட தொகை கிடைத்தது. மான்ட்ரியல் பதக்கப் பட்டியலோ அன்று இருந்தபடியே இருக்கிறது.

மறுத்தவர் ஒருவரேனும் இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். இருந்தனர். ஹென்னர் மிசர்ஸ்கி என்பவர் பெண்களுக்குப் பனிச்சறுக்கு ஓட்டம் கற்பித்த பயிற்சியாளர். தம் அணியில் இருந்த பெண்களுக்கு மருந்து கொடுக்க மாட்டேன் என்றார். அவ்வணியில் அவருடைய மகள் ஆன்ட்யேயும் இருந்தாள். 1985இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு உலகப் போட்டியில் தொடர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றிருந்த மகள், மாத்திரையை ஏற்க மறுத்து அவ்விளையாட்டை விட்டே விலகினாள். அப்போது அவளுக்கு வயது பதினெட்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1989இல், பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லான் என்ற விளையாட்டைப் புதிதாகக் கற்கத் தொடங்கினாள். 1992 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டின் ஆல்பர்வில் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பெண்களுக்கான பயத்லான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. ஒன்றுபட்ட ஜெர்மனியின் சார்பில் 15 கிலோமீட்டர் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர் ஆன்ட்யே மிசர்ஸ்கி.